ரூலேயின் முதல் வாய்

பீரோவிலிருந்து அந்த வேட்டியை எடுத்தது என் தப்புத்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. ஆனால் அன்றைக்கு எதையும் நிதானமாக யோசித்துச் செய்யும் நிலையில் நான் இல்லை. காலையிலிருந்து என் கண் ஒன்று அடுப்படியிலும் ஒன்று முன் அறையிலுமாக இருந்தது. முன் அறையில் என் மாமனார் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகவேண்டும். அதற்குள் அவர் வாயால் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பார்கள். டாக்டர் மிரட்டவெல்லாம் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மூன்று வாரம் ஆஸ்பத்திரி, அப்புறம் மூக்கில் குழாயோடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. அந்தக் குழாயை இடது கையால் இரண்டு தடவை பிடுங்கிப் போட்டார். இரண்டாவது தடவை ஜூலை பதின்மூன்றாம் தேதி காலை. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். மூக்கு புண்ணாகிவிட்டது, இனி அதில் குழாய் வேண்டாம், நாளை ஒரு நாள் வாயால் கொடுத்துப் பாருங்கள் என்றார்கள்.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. அவர் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, கெட்டியாகக் கரைத்த எதையோ நாக்கில் தடவி, இறங்குகிறதா என்று பார்த்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, இவரால முழுங்க முடியுது. தண்ணி மாதிரி இருந்தாதான் ஆபத்து, பொற ஏறி நுரையீரலுக்குப் போயிடும். கெட்டியா, கொழகொழன்னு இருந்தா எறங்கிடும். ஆனா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. முடியாம இல்ல, மனசு இல்ல. அவருக்கு ரொம்பப் புடிச்சது எதுன்னு பாத்து அதக் குடுத்து ஆரம்பிங்க."

கூடவே ஒரு பட்டியல் சொன்னாள். நிமிர்த்தி உட்காரவைக்கவேண்டும். முகவாய் நெஞ்சைப் பார்த்துக் குனிந்திருக்கவேண்டும். ஸ்பூனில் கால்வாசி. தொண்டை மேலே ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். இருமினால் உடனே நிறுத்தவேண்டும். அவருடைய ஸ்பூன், கிண்ணம் எல்லாம் தனி, சுடுதண்ணீரில் போட்டு எடுக்கவேண்டும், யாருடைய எச்சிலும் படக்கூடாது. எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. பருப்பும் சோறும் மசித்துக் கொடுத்தேன். திறக்கவில்லை. வாழைப்பழம் மசித்தேன், உருளைக்கிழங்கு மசித்தேன். ஸ்பூன் உதட்டில் படும், அவர் என்னையே பார்ப்பார், உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். என்ன பார்வை அது என்று எனக்குப் புரியவில்லை. கோபமா, வெறுப்பா, இல்லை என்னிடம் ஏதாவது கேட்கிறாரா?

என் கணவர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயசு ஆம்பளை, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு அழுதார். போன வருஷம் என் மாமனார் தன் பழைய சிநேகிதர் ஒருவரை வயிற்றுக் குழாயோடு பார்த்துவிட்டு வந்து, "எனக்கு இந்தக் கதி வந்தா என்ன விட்டுடுங்கடா" என்று சொல்லியிருந்தார். அதையே நினைத்து நினைத்து இவர் உருகினார்.

"வயித்துல ஓட்டை போட்டா அப்பா அதோட மனசு விட்டுடுவாருடி. அப்பறம் எத்தனி நாள் இருப்பாரு?"

"அழுதுகினே இருந்தா வாய் தொறந்துடுமா? எழுந்திரிங்க. நாளைக்கு என்னா தேதி?"

"பதினாலு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது.

என் மாமனார் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களுக்குத் தேசியத் திருநாள்; ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு அவர் நீலக் கோட்டில் மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரை நினைவுச் சின்னத்துக்குப் போய், சல்யூட் அடித்து, வெயிலில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்புவார். வந்ததும் ரூலே வெட்டவேண்டும். மெல்லிசாக ஒரு சாக்லேட் கேக்கைத் தட்டு முழுக்கச் சுட்டு, அடித்த கிரீமை உள்ளே தடவிப் பாய் மாதிரி சுருட்டுவதற்கு அவர் சொல்லும் பெயர் ரூலே. நான் வருவதற்கு முன்னால் கடையில் வாங்கினார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து நான்தான் செய்கிறேன். இருபத்திரண்டு வருஷம். கத்தி வைத்தால் நசுங்கும் என்று அவர் வெள்ளை நூலை அடியில் கொடுத்து, மேலே குறுக்காக மாட்டி, இரண்டு பக்கமும் இழுத்துத்தான் துண்டு போடுவார். தின்று முடித்துவிட்டு "பா மால்" என்பார். மோசமில்லை என்று அர்த்தமாம். இடுப்பு ஒடியச் செய்தவளுக்கு வருஷத்துக்கு ஒரு மோசமில்லை!

அதையாவது பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாத இன்னொரு சட்டம் அந்த வீட்டில் இருந்தது. சமைத்தவர் முதல் வாயைச் சாப்பிடவேண்டும், அதுவும் அவர் கண் எதிரே. அதற்கு அப்புறம்தான் அவர் கை தட்டுக்குப் போகும். நான் முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் வஞ்சிரம் குழம்பு வைத்துப் பரிமாறினேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். "மொதல்ல நீ ஒரு வாய் சாப்பிடும்மா" என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் தனித் தட்டில் பிசைந்து, நின்றபடியே ஒரு வாய் போட்டேன்; அது தொண்டையில் இறங்கும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அப்புறம்தான் மற்றவர்கள் கையை வைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மில்காரன் மகள் விஷம் வைத்துவிடுவாள் என்று பயமா? அந்தக் கேள்வியை இருபத்திரண்டு வருஷம் மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்து முழுங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், வந்தால் நான் சும்மா விடமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள், அப்பாடா, அந்த ஒரு வாய்த் தொல்லை விட்டது என்று நினைத்தேன். நினைத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பதினாலாம் தேதி காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை கஞ்சி கொடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. நாக்கு வறண்டு உதடு வெடிக்க ஆரம்பித்திருந்தது. அதற்குமேல் தாமதிக்கக்கூடாது என்று ரூலே வேலையை ஆரம்பித்தேன்.

"கடைல வாங்கியாறட்டுமா?" என்றார் கணவர்.

"இருவத்திரண்டு வருஷமா என் கையால தின்ன மனுஷனுக்குக் கடைக் கேக்குத் தெரியாதா? நீங்க போயி அவர் பக்கத்துல குந்துங்க. இருமுனா கூப்புடுங்க."

வெறும் கிரீமை மட்டும் கொடுத்திருக்கலாம். அதுவும் கொழகொழவென்றுதான் இருக்கும். ஆனால் மசித்ததையும் குழைத்ததையும் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுத்துப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. முழுசாக ஒரு பொருளை அவர் கண்ணில் காட்டவேண்டும், நூல் போட்டு வெட்டவேண்டும், அதற்கு அப்புறம் அதைப் பாலில் குழைத்துக் கொடுக்கலாம்.

நாலு முட்டை. மஞ்சளைத் தனியாக, வெள்ளையைத் தனியாகப் பிரித்து அடிக்கவேண்டும். வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் நுரை ஏறாது. மைதாவும் கோக்கோவும் சலித்துப் போட்டு, நுரை உடையாமல் மடித்து மடித்துக் கலந்து, தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி ஓவனில் வைத்தால் பன்னிரண்டு நிமிஷம். பதினாலு ஆனால் காய்ந்து போகும், சுருட்டும்போது வெடிக்கும். எடுத்த சூட்டோடு துணியில் கவிழ்த்துத் துணியோடு சேர்த்துச் சுருட்டி ஆறவைக்கவேண்டும். சூட்டில் வளைத்தால்தான் அது வளைந்தபடி இருக்கும். எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

ஓவன் மணி அடித்தபோதுதான் துணி ஞாபகம் வந்தது. ரூலேவுக்கென்றே ஒரு வெள்ளைத் துணி வைத்திருந்தேன். ஒன்றரை மாத அமளியில் அதை எடுத்து அவருக்கு வாய் துடைக்கப் போட்டிருந்தேன். தட்டு கையில் சுடுகிறது. கேக் ஆறிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன். அவருடைய புது வேட்டி, மடிப்புக் கலையாமல், வெள்ளை வெளேரென்று மேலாக இருந்தது. உதறி மேஜையில் விரித்தேன், சர்க்கரைப் பொடியைத் தூவினேன், கேக்கைக் கவிழ்த்தேன், சுருட்டினேன். ஒரு கீறல் இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அரை மணி கழித்து அதைப் பிரித்தேன். குப்பென்று அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது.

எங்கள் வீட்டு பீரோவில் தட்டுக்குத் தட்டு அந்துருண்டை போட்டு வைப்பது நானேதான். கடற்கரை ஊர், ஈரக் காற்று, போடாவிட்டால் பட்டும் வேட்டியும் பூச்சி அரித்துவிடும். அது பழகிப் பழகி என் மூக்குக்குத் தெரியாமல் போயிருக்கிறது. சூடான கேக்கின் ஆவி வேட்டியில் இருந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டுவிட்டது. ஓரத்தைப் பிய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கசந்தது. உடனே துப்பினேன். விஷம் வைத்துவிடுவாளோ என்று இவர் பயப்படுவதாக இத்தனை வருஷம் மனசுக்குள் பொருமியவள், நிஜமாகவே விஷத்தைச் செய்து மேஜையில் வைத்திருந்தேன். இது மட்டும் அந்த வாய்க்குள் போயிருந்தால்?

கேக்கை அப்படியே நியூஸ் பேப்பரில் சுற்றி, நாய் பூனை வாயில் படாமல் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினேன். மணி ஒன்று. வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தது.

நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினேன். முதல் கடை மதியச் சாப்பாட்டுக்குச் சாத்தியிருந்தது. இரண்டாவது கடையில் முட்டை இல்லை. மூன்றாவது கடைக்கு இரண்டு தெரு தாண்டவேண்டும். எதிரே டூவீலரில் வந்தவர் யாரோ, "இன்னாக்கா, பெருசுக்கு இன்னாவாச்சி?" என்று வண்டியை நிறுத்தினார். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து முடிவே கட்டிவிட்டார் போலிருக்கிறது. "ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் இருக்காரு, முட்டை வாங்கப் போறேன்" என்று கத்திவிட்டு ஓடினேன். அந்த ஆள் என்னை என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

முட்டையோடு திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை துணிக்காக, மொட்டை மாடியில் காய்ந்த தலையணை உறையை எடுத்து வந்து, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, நாலு தடவை முகர்ந்து பார்த்தேன். வெயில் வாசனைதான் இருந்தது. கணவரைக் கூப்பிட்டு அவரையும் முகரச் சொன்னேன்.

"இன்னாடி இது, தலகாணி உறைய மோந்து பாக்கச் சொல்ற?"

"கேள்வி கேக்காதீங்க. மோந்து பாத்துட்டு வாசன வருதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பயந்து போய்விட்டார்.

இரண்டாவது கேக்கைச் சுருட்டி ஆறவைத்துவிட்டுக் கிரீம் அடிக்க உட்கார்ந்தேன். ஜூலை மாதத்துப் புதுச்சேரிச் சூட்டில் கிரீம் நிற்காது. ஒரு குண்டானில் ஐஸ் கட்டியைக் கொட்டி, அதன்மேல் பாத்திரத்தை உட்காரவைத்து, கரண்டில் ஓடும் பீட்டரைப் போட்டேன். தளர்வாக இருப்பது மெல்லக் கெட்டியாகி, பீட்டரைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து நிறுத்தவேண்டும். விட்டால் திரிந்து வெண்ணெயாகிவிடும். முனை நிமிரப் போகிற நேரத்தில் முன் அறையிலிருந்து இருமல் கேட்டது. ஒரு தடவை இல்லை, விடாமல்.

பீட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கணவர் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். மாமனார் முகம் சிவந்து கண்ணில் நீர் வழிந்தது. தன் எச்சிலிலேயே புரை ஏறியிருக்கிறது. முன்னால் சாய்த்து முதுகைத் தடவினேன். இருமல் அடங்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், எனக்கு இரண்டு மணி நேரமாகத் தெரிந்தது. தன் எச்சிலையே இறக்க முடியாதவருக்கு நான் கேக் கொடுக்கப் போகிறேனா? விழுங்கப் பயிற்சி கொடுத்த அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன்.

"வாய் காஞ்சு போனா எச்சி கெட்டியாயி அப்படி ஆவும்கா. சத்தமா இருமுறாரு இல்ல, அது நல்லதுதான். அரை மணி விட்டுட்டுக் குடுங்க. பயந்துகினு குடுக்காதீங்க, உங்க பயம் அவருக்கும் ஒட்டிக்கும்."

சொல்வது சுலபம். அடுப்படிக்குத் திரும்பினால் பீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிரீம் சொரசொரப்பாகி ஓரத்தில் மணி மணியாகத் திரள ஆரம்பித்திருந்தது. சனியனே என்று பீட்டரைத் திட்டினேன். அதற்கு என்ன தெரியும் பாவம். மிச்சம் வைத்திருந்த கிரீமை ஊற்றிக் கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்தேன். கேக்கைப் பிரித்து, தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சுருட்டினேன். நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்தது. வெடித்த பக்கத்தை அடியில் போட்டு மறைத்தேன்.

மூன்றரை மணிக்கு அவரை நிமிர்த்தி உட்காரவைத்தோம். கணவர் எங்கிருந்தோ நீலக் கோட்டை எடுத்து வந்து அவர் தோளில் போட்டார், மெடல் ஆடியது. அவர் குனிந்து மெடலைப் பார்த்தார். பிறகு தட்டில் இருந்த ரூலேயைப் பார்த்தார். கண் அதிலேயே நின்றது.

நூலை அடியில் கொடுத்து, ஒரு முனையை அவர் இடது கையில் வைத்தேன். விரல் மூடிக்கொண்டது. மறு முனையை நான் பிடித்தேன். இரண்டு பேரும் இழுத்தோம். துண்டு சுத்தமாகச் சரிந்து விழுந்தது, உள்ளே வெள்ளைச் சுழி தெரிந்தது. கணவர், "அப்பா, பாத்தீங்களா, அப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரத்தை நீக்கி, நடுவில் இருந்ததைக் கெட்டிப் பாலிலும் கிரீமிலும் குழைத்து, கட்டி இல்லாமல் பார்த்து, ஸ்பூனில் கால்வாசி எடுத்தேன். முகவாயைக் குனியவைத்து உதட்டில் வைத்தேன்.

வாய் திறக்கவில்லை.

உதட்டில் தடவினேன். நாக்குக்கூட வெளியே வரவில்லை. அதே பார்வை, என் முகத்தில். கணவர், "அப்பா, கையெடுத்துக் கும்புடறேம்பா, ஒரே ஒரு வாய்பா" என்றார். நான் மூன்றாவது தடவை, நாலாவது தடவை ஸ்பூனை நீட்டினேன். தட்டில் கிரீம் இளகிப் பரவிக்கொண்டிருந்தது. அவர் ஸ்பூனைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நோயாளி, வயசானவர், மாமனார், எல்லாம் மறந்து போயிற்று.

"இன்னா மாமா நெனச்சிக்கினு இருக்கீங்க? காலையிலேர்ந்து நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமா? ஒரு கேக்கத் தூக்கிக் குப்பைல போட்டேன். நைட்டியோட ஊரெல்லாம் ஓடுனேன். நாளைக்கு வயித்துல ஓட்டை போடப் போறாங்க மாமா, அதுதான் வேணுமா? இவரு அழுவறது கண்ணுல படலையா? வேணாமா? வேணாம்னா போங்க. நானே தின்னுட்டுப் போறேன்!"

ஸ்பூனைக் கிண்ணத்தில் விட்டெறிந்துவிட்டு, தட்டில் இருந்த இன்னொரு துண்டைக் கையால் அள்ளி வாயில் திணித்துக்கொண்டேன். கேக் உள்ளே இறங்கவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கஷ்டப்பட்டு மென்று விழுங்கினேன்.

நிமிர்ந்து பார்த்தால் அவர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்கும்வரை பார்த்தார். பிறகு மெதுவாக வாயைத் திறந்தார்.

கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வேறு ஸ்பூன் எடுத்து, கால்வாசி வைத்தேன். உதடு மூடியது. தொண்டை மேலே ஏறியது, இறங்கியது. இருமல் இல்லை. போன உசிர் எனக்குத் திரும்பி வந்தது. இரண்டாவது ஸ்பூனை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். மூன்றாவதுக்கு இடது கையால் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் ஒரு வாய் தின்றேன். அவர் திறந்தார். இப்படியே அவருக்குப் பதினோரு ஸ்பூன் இறங்கியது, எனக்கு அரை ரூலே இறங்கியது. இந்த ஒன்றரை மாதத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

பாத்திரம் கழுவும்போது கணவர் பின்னால் வந்து நின்றார்.

"நம்ம யாருக்குமே தோணல பாரு. நீ சாப்புடாம அவர் எப்ப சாப்ட்டிருக்காரு?"

"எங்க தோணும்? எச்சி படக்கூடாதுன்னாங்க. நான் தட்டுப்பக்கம் வாயே வெக்கல." கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "ஏங்க, உங்கப்பா என்னைய நம்பாமத்தான அப்படிச் சாப்புடச் சொன்னாரு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாரு சொன்னா? அப்பா பட்டாளத்துல சமையக்கட்டுலதான இருந்தாரு. துப்பாக்கியெல்லாம் அப்பறம். மொத ஆறு வருஷம் வெங்காயந்தான் உரிச்சாரு. எல்லாருக்கும் போட்டு முடிச்சா சட்டில ஒண்ணும் இருக்காதாம். எத்தனியோ நாள் பட்டினியாவே படுத்தேன்னு சொல்லுவாரு. ஒரு அதிகாரி வந்து, சமைச்சவன் மொத வாய் தின்னாம யாரும் தட்டுல கைய வெக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாராம். அதான் வீட்லயும். எங்கம்மாவும் அப்படித்தான் சாப்டாங்க. உனக்குத் தெரியாதா?"

"யாரு சொன்னா எனக்கு?" என்று கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டேன். "இருவத்திரண்டு வருஷமா இத வாயில வெச்சிக்கினா இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

"நீ கேக்கவே இல்லியே."

அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. என் மாமனார் மூன்று வேளையும் எனக்குத்தான் முதலில் சோறு போட்டிருக்கிறார். நான் அதை விஷம் மாதிரி முழுங்கியிருக்கிறேன். குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். பதினோரு ஸ்பூன் என்றதும் அவளும் சந்தோஷப்பட்டாள். ஆனால் உடனே சொன்னாள்.

"கேக்க நம்பி டாக்டர் விடமாட்டாருக்கா. தெனம் கேக்கா குடுப்பீங்க? சாயங்காலம் கஞ்சி குடுங்க. ஒரு கிண்ணம் எறங்கிடுச்சின்னா குழாய் வேணாம்னு நானே பேசறேன். உப்பு சேக்காதீங்க, பிரஷர் இருக்கு."

ஆறு மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். ஒன்றை அவர் முன்னால் வைத்தேன், ஒன்றை என் முன்னால் வைத்தேன். வழக்கம்போல நிற்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். கணவர் கதவோரம் நின்றார். மாமனார் என்னைப் பார்த்தார்.

உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பசை மாதிரி நாக்கில் ஒட்டியது. ஒரு வாய் அள்ளிப் போட்டு, முகத்தைச் சுளிக்காமல், அவர் பார்க்க முழுங்கினேன்.

"பா மால் மாமா" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார்.